மேலகரம் முக்கில் என் முகம்

என் முகத்தை அவ்வளவு பெரிதாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் டவுன் பஸ். சீசன் தொடங்கியிருந்தது. சாரல் ஜன்னல் வழியே முகத்தில் அடித்தது, யாரும் ஷட்டரை இறக்கவில்லை. சாரலுக்கு ஜன்னலை அடைத்தால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். என் மடியில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் தூக்குச்சட்டி. அப்பா மாடசாமி போலீஸில் ஏட்டு. சீசன் வந்துவிட்டால் மெயின் அருவியில்தான் டூட்டி.

மேலகரம் முக்கில் பஸ் நின்றது. டீக்கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பிளக்ஸ் போர்டு. அதில் நான்.

பள்ளிக்கூடத்துப் பிரிவு விழாவில் எடுத்த குரூப் போட்டோவிலிருந்து என்னை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். என் தோளில் கிடந்த என் தோழி பாத்திமாவின் கையை வெட்ட மறந்துவிட்டார்கள். ஆளில்லாத ஒரு கை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தது.

‘எங்கள் குலவிளக்கே! கோவை மாநகர் நோக்கிப் புறப்படும் கல்விச் சுடரே!’ கீழே கல்லூரியின் பெயர். அதற்கும் கீழே, ‘அன்புத் தாய்மாமன் வேலுச்சாமி, எலுமிச்சை கமிஷன் மண்டி, புளியங்குடி.’ மாமாவின் படம் மூலையில் சின்னதாக, கைகூப்பியபடி. நான்கு பக்கமும் எலுமிச்சம்பழங்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த யாரோ ஒரு அம்மா போர்டைப் பார்த்துவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, மறுபடி போர்டைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பும்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. ‘வாழ்த்துச் சொல்ல:’ என்று போட்டு ஒரு செல்போன் நம்பர். அது என் நம்பர்.

குற்றாலம் போய்ச் சேர்வதற்குள் முதல் போன் வந்துவிட்டது. ஆண் குரல். வாழ்த்துச் சொல்லவில்லை.

ஒண்ணே ஒண்ணு

அந்தப் போர்டு ஏன் என்னை அவ்வளவு புரட்டிப் போட்டது என்று புரிய வேண்டுமானால் சில வாரங்கள் பின்னால் போக வேண்டும்.

இப்போது நான் கோவையில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டுப் போகிற பிள்ளைகள் கடைசி நாளில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, “மேம், காலேஜ் போறப்ப எதெதுல அக்கவுண்ட் வச்சுக்கலாம்?” நான் சிரிப்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க எனக்கு ஒரு முழு சீசன் ஆயிற்று.

எனக்கு அந்தக் கேள்வியைப் போட்டவர் அப்பா. அவர் வேலை அப்படி. ஸ்டேஷனுக்கு அழுதுகொண்டு வரும் பெண் பிள்ளைகளை அவர் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் போனையே பார்ப்பார். ரிசல்ட் வந்த வாரம் ஒருநாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“ஏட்டி கோமு, காலேஜ் போணும்னா இந்தக் கண்ட கண்டதெல்லாம் கூடாது. ஒண்ணே ஒண்ணு வச்சுக்கோ. எதுன்னு நீயே யோசிச்சுச் சொல்லு. ஏன்னும் சொல்லணும்.”

“வாட்ஸ்அப்பும் கணக்காப்பா?”

“அது இல்லாம ஒங்க அம்மையே இருக்க மாட்டா. அத வுடு.”

யோசித்தேன். பேஸ்புக் வேண்டாம் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. அது கல்யாண மண்டபம் மாதிரி. உள்ளே நுழைந்ததும் எல்லா மாமாக்களும் சித்தப்பாக்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “எப்பம்மா வந்த, சாப்டியா” என்பார்கள். வேலு மாமா அங்கே ஒரு மகாராஜா. அவர் குட்மார்னிங் படம் போட்டால் எங்கெங்கோ இருக்கும் எலுமிச்சை வியாபாரிகளெல்லாம் கும்பிடு போடுவார்கள்.

கல்லூரி சீனியர் ஒருத்தி போனில், “லிங்க்ட்இன் ஓபன் பண்ணும்மா, பின்னால வேலைக்கு ஹெல்ப்பா இருக்கும்” என்றாள். திறந்து பார்த்தேன். என்ன அனுபவம் உண்டு என்று கேட்டது. அருவிக்குத் தூக்குச்சட்டி சுமந்த அனுபவத்தைத் தவிர எனக்கு ஒன்றுமில்லை. மூடிவிட்டேன்.

மிச்சம் இன்ஸ்டாகிராம். என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். கல்லூரியில் புதிதாகச் சேர்கிறவர்கள் பேசிக்கொள்வதும் அங்கேதான். அப்பாவுக்குப் பிடிக்காததும் அதுதான்.

தண்ணி விழுதா?

இங்கே ஒரு கிளைக்கதை. சீசன் நேரத்தில் தென்காசிக்காரர்களுக்கு மட்டும் வரும் தொல்லை ஒன்று உண்டு. மதுரை, சென்னை, தூத்துக்குடி என்று எங்கே சொந்தம் இருந்தாலும் காலையில் போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. “தண்ணி விழுதா?” அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் ஏட்டு வேறு இருக்கிறார், அதுவும் அருவிக்கரையிலேயே. கேட்க வேண்டுமா! ஒன்றுவிட்ட சொந்தம், அதற்கும் அந்தப்பக்கத்துச் சொந்தமெல்லாம் எங்கள் அம்மாவைத்தான் கூப்பிடும். அம்மா இட்லி ஊற்றிக்கொண்டே பதில் சொல்வாள். “விழுது, நல்லா விழுது. ஆனா ஒங்க மேல விழாது. அங்கன ஆளு மேல ஆளுதான் விழுதாவ, ஞாயித்துக்கெழம வராதிய.”

ஒருநாள் அம்மா அலுத்துப்போய் போனை என் கையில் கொடுத்தாள். “நீயே சொல்லித் தொலட்டி.”

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தேன். பெயரே ‘தண்ணி விழுதா’. காலையில் அப்பா டூட்டிக்குப் போனதும் அவரிடம் போனில் கேட்டுக்கொள்வேன். மெயின் அருவியில் தண்ணீர், குளிக்கிற இடத்துக்கு மேலே இருக்கும் பாதுகாப்பு ஆர்ச் வரை வருகிறதா, ஐந்தருவியில் அஞ்சும் விழுகிறதா, பழைய குற்றாலத்தில் கூட்டமா. ஒரு படம், இரண்டு வரி. ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை என்று பெரிதாகப் போடுவேன். என் பெயர் இல்லை, முகம் இல்லை.

அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “இதுதாம்ப்பா அந்த ஒண்ணு.”

விசாரணை தொடங்கியது. “இதுல ஒன்னயத் தேடி ஒருத்தன் வாரான்னு வையி. அவன் என்னத்தப் பாப்பான்?”

“தண்ணியத்தான் பாப்பான்.”

அப்பா போனை வாங்கிப் பக்கத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எங்கள் வீட்டில் அது அபூர்வம். கோவைக்குப் போகச் சம்மதம் அன்றைக்குத்தான் கிடைத்தது. ஒரு நிபந்தனையோடு: ஹாஸ்டல் கிடைத்தால் மட்டும். வெளியே ரூம் எடுத்துத் தங்குகிற பேச்சே கிடையாது.

கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலுக்குக் காத்திருப்போர் வரிசையில் என் பெயர் இருந்தது. இடம் காலியானால் நான் கொடுத்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள், எடுக்கவில்லையென்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

அந்த நம்பரைத்தான் மாமா மேலகரம் முக்கில் எழுதி வைத்திருந்தார். ஒரு பொட்டு அளவுகூட என் முகம் வெளியே தெரியாமல் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் ஒரு பிளக்ஸில் போயிற்று.

செல்வி அக்கா

பிளக்ஸோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. மாமா அதை வளைத்து வளைத்துப் படமெடுத்து பேஸ்புக்கிலும் போட்டுவிட்டார். அன்று சாயங்காலம் வரை போன் ஓயவில்லை. சிலர் உண்மையாகவே வாழ்த்தினார்கள். சிலர் ஒன்றும் பேசாமல் மூச்சு விட்டார்கள். சிலர் பேசியதை இங்கே எழுத முடியாது.

அம்மா என் போனைப் பிடுங்கப் பார்த்தாள். “அத அமத்திப் போடுட்டி. நாளைக்கே வேற சிம் வாங்கிக்கிடலாம்.”

“ஹாஸ்டல்ல இருந்து கூப்புடுவாவம்மா.”

“மானத்த விட ஹாஸ்டல் பெருசாட்டி?”

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. கீழப்பாவூரில் இருக்கும் என் பெரியப்பாவின் மகள் செல்வி அக்கா. எங்கள் குடும்பத்தில் வெளியூர் போய்ப் படித்த முதல் பெண். மதுரையில் முதல் வருஷம் படிக்கும்போது கூடப் படித்தவர்களோடு ஐந்தருவிக்கு வந்தாள். ஈரத் தலையோடு நின்றவளை எவனோ படமெடுத்துப் பரப்பிவிட்டான். கூடவே அவள் நம்பரையும். வீட்டில் முதலில் நம்பரை மாற்றினார்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டார்கள். பிறகு கல்லூரியிலிருந்தே நிறுத்திவிட்டார்கள். அக்கா செய்த குற்றம் அருவியில் குளித்தது.

போர்டைப் பார்த்த அன்றே, அருவிக்கரையில் நான் சொல்லச் சொல்ல, அப்பா விசிலைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருந்தார். நான் அழவில்லை. அவர் ஒன்றே ஒன்று கேட்டார். “நான் வேலுகிட்ட பேசட்டா, நீ பேசுதியா?”

அப்பா பேசினால் எப்படி இருக்கும் என்று தெரியும். மாமாவுக்கும் அப்பாவுக்கும் அதற்கப்புறம் பேச்சுவார்த்தையே இருக்காது. “நானே பேசுதேன்ப்பா” என்றேன்.

மண்டியில் ஒரு போன்

மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு புளியங்குடி பஸ் ஏறினேன். மண்டிக்குள் நுழைந்ததும் எலுமிச்சை வாசம் மூக்கைப் பிடித்தது. மூட்டைகளுக்கு நடுவில் நின்று மாமா ஏலம் கேட்பவர்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“ஏ, வாட்டி மருமவளே! போர்டப் பாத்தியா? எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு மாமா.” அது உண்மைதான்.

“நாலு எடத்துல வைக்கணும்னு நெனச்சேன். ஒங்க அப்பா கோவப்படுவாருன்னு ஒண்ணோட விட்டுட்டேன்.” சொல்லிக்கொண்டே எலுமிச்சை ஜூஸ் கொண்டுவரச் சொன்னார். அப்போது என் போன் அடித்தது. புது நம்பர்.

மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோனது. ஸ்பீக்கரைப் போட்டு மாமா கையில் கொடுத்தேன்.

“ஹலோ, கோமதியா? போர்டுல செம அழகா இருக்கீங்க...”

மூட்டை தூக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சிவந்துவிட்டது.

“எலேய், நான் கோமதிக்கித் தாய்மாமன் பேசுதேன். இப்ப சொல்லுலே, யாரு அழகா இருக்கா?”

லைன் துண்டானது. மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நேத்துலேருந்து இப்படித்தானா?”

“ஆமா மாமா.”

“அந்தப் பயலுக்கு ஒன் நம்பர நாந்தானட்டி குடுத்திருக்கேன்.” அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “பிளக்ஸ் கடக்காரன் என் நம்பரத்தான் போட்டிருந்தான். நாந்தான் மாத்தச் சொன்னேன். எல்லா போர்டுலயும் மாமன் பேரும் மாமன் படமும்தான் பெருசா இருக்கு, படிச்ச புள்ளைக்கி ஒரு மரியாத வேண்டாமா, வாழ்த்துதவன் அவளயே கூப்புட்டு வாழ்த்தட்டும்னு சொன்னேன்.”

மூலையில் சின்னதாகக் கைகூப்பி நின்ற அவர் படத்துக்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

மாமா சட்டைக் கையை மடித்தார். “இப்பமே போயி அதக் கிழிச்சிப் போட்டுட்டு வாரேன்.”

“கிழிக்க வேண்டாம் மாமா.”

“பொறவு?”

“கிழிச்சா, என்னமோ நடந்துபோச்சு போலன்னு ஊரே பேசும். செல்வி அக்காவுக்கு அப்படித்தான ஆச்சு? போர்டு அங்கனயே இருக்கட்டும். என் நம்பர் மேல ஒங்க நம்பர ஒட்டிருங்க. வாழ்த்துதவங்க ஒங்கள வாழ்த்தட்டும். மத்தவங்களயும் நீங்களே பாத்துக்கிடுங்க.”

மாமா மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு பேஸ்புக்கைத் திறந்து போனை என்னிடம் நீட்டினார். அந்தப் படத்தை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல அவர் விரலாலேயே அழிக்க வைத்தேன். போட்டது அவர், எடுப்பதும் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த நாள் மேலகரம் முக்கில் என் நம்பர் மேல் மஞ்சள் ஸ்டிக்கர். கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. அந்த வாரம் முழுக்க மாமாவுக்கு வந்த போன்களைப் பற்றி அத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். வாழ்த்தியவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி, வாய் கொழுத்துப் பேசியவர்களுக்கு மண்டிக் குரலில் பதில் சொல்லி, அவருக்குத் தொண்டையே கட்டிவிட்டதாம்.

எடு

ஆனாலும் சேதி கீழப்பாவூர் வரை போயிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்துவிட்டார். கூட செல்வி அக்காவும். பெரியப்பா பாசக்காரர், அதில் சந்தேகமில்லை. பாசத்தில்தான் அவர் பேசினார்.

“செல்விக்கி பட்டது போதாதாலே மாடசாமி? இங்கன இல்லாத காலேஜா? அந்த நம்பர மொதல்ல தூக்கிப் போடு. புள்ளய உள்ளூர்ல சேத்துவிடு.”

அப்பா என் போனையே பார்த்தார். அவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று எனக்குத் தெரியாது.

செல்வி அக்கா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். பெரியவர்கள் பேச்சில் அவள் குறுக்கிடுவதே இல்லை. அன்று பேசினாள்.

“நம்பர மட்டும் மாத்தச் சொல்லாதிய சித்தப்பா. நான் மாத்துனேன்லா? கண்டவன் கூப்புடுததும் நின்னுச்சு. என் காலேஜ்காரவுக கூப்புட்டதும் எனக்கு வந்து சேரல. திரும்ப வந்து சேந்துக்கோன்னு சொல்லத்தான் தேடுனாவளாம். ரொம்ப நாளு கழிச்சுத்தான் எனக்குத் தெரியும்.”

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

புது நம்பர். கூடத்தில் இருந்த அத்தனை கண்ணும் அந்தப் போன் மேல். அம்மா, “எடுக்காதட்டி” என்றாள். பெரியப்பா, “பாத்தியா, பாத்தியா” என்றார்.

அப்பா சொன்னார், “எடு. எல்லாரும் கேக்கட்டும்.”

ஸ்பீக்கரைப் போட்டேன்.

“கோமதிங்களா? ஹாஸ்டல்ல இருந்து வார்டன் பேசறனுங்க. ஒரு இடம் காலியாயிருக்குதுங்க. வர்றீங்களா, இல்ல அடுத்த புள்ளைக்குக் குடுத்தரட்டுங்களா? இப்பவே சொல்லோணுங்க.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், பெரியப்பாவைப் பார்த்துப் பேசினார்.

“அண்ணே, ஸ்டேஷனுக்கு வார புள்ளைகள்ட்ட நாங்களே அதத்தான் சொல்லி அனுப்புதோம், நம்பர மாத்திக்கோ, போட்டோவ எடுத்துரு, வெளிய வராதன்னு. தப்பு பண்ணுனவன் நம்பர் அப்படியே இருக்கும். எம் மவ அவ நம்பர மாத்தல. போர்டுல இருந்த நம்பர மாத்திட்டா. அவ மாமன் மனசும் நோவல, ஊரு வாயிலயும் விழல. இதுக்கு மேல நான் என்னத்த அவளுக்குப் பாத்துக் குடுக்கணும்?”

பிறகு என் பக்கம் திரும்பினார். “வாரேன்னு சொல்லும்மா.”

“வாரேன் மேடம்” என்றேன். போனை வைத்த பிறகுதான் அழுதேன். செல்வி அக்கா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள், ஆனால் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த வருஷமே அவள் அஞ்சல் வழியில் சேர்ந்தாள்; விட்ட படிப்பைப் பிறகு முடிக்கவும் செய்தாள். அவளுக்கும் மாமா பிளக்ஸ் வைத்தார். அதில் முதலிலிருந்தே மாமா நம்பர்தான்.

கோமு யாரு சார்?

கோவைக்குக் கிளம்பும் முன் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். “அந்தத் தண்ணிப் பக்கத்த நான் பாத்துக்கிடட்டா? நீ அங்கன இருந்துக்கிட்டு எப்படிப் போடுவ?” பாஸ்வேர்டை அவரிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த சீசன். கல்லூரி திறந்திருந்தது. காலையில் ஹாஸ்டல் மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நின்றேன். கோவை வானமும் அன்று மப்பாக இருந்ததால் ஊர் ஞாபகம் படுத்தியது. போனில் ‘தண்ணி விழுதா’ பக்கத்தைத் திறந்தேன். அப்பா வீடியோ போட்டிருந்தார். டூட்டி முடிந்து, வேட்டி சட்டையில் வந்து எடுத்திருக்கிறார் போல, வேட்டி நுனி ஓரத்தில் தெரிந்தது. மெயின் அருவி, ஆர்ச்சுக்குக் கீழே வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. வேறு யாரோ விசில் ஊதுகிறார்கள்.

அப்பா ரிப்போர்ட் வாசிக்கிற குரலில் சொன்னார். “மெயின் அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. பொதுமக்கள் குளிக்கத் தடை இல்லை.” கொஞ்ச நேரம் அருவிச் சத்தம் மட்டும். பிறகு அவருடைய சொந்தக் குரல்.

“கோமு, விழுதுட்டி. நல்லா விழுது.”

பேரும் முகமும் இல்லாமல் நான் அவ்வளவு கவனமாக வைத்திருந்த பக்கம் அது. கீழே யாரோ முன்பின் தெரியாதவர் கேட்டிருந்தார்: ‘கோமு யாரு சார்?’

அப்பா பதில் எழுதியிருந்தார். ‘எனது மகள். கோயம்புத்தூரில் இயற்பியல் படிக்கிறாள்.’

அதற்குக் கீழே வேலு மாமா. இதற்காகவே இன்ஸ்டாகிராமில் கணக்குத் திறந்திருக்கிறார். ‘வாழ்த்துச் சொல்ல:’ என்று போட்டு, மறக்காமல் அவர் நம்பரை எழுதியிருந்தார்.

வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் நின்ற எல்லாரிடமும் அதைக் காட்டினேன்.